எஃகு சைக்கிள் செய்து விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் சுங்கை சிப்பூட்டில் எங்கள் பட்டறைக்கு இரண்டு தம்பிகள் வந்தார்கள். எஃகு சைக்கிளைத் தாங்களே வடிவமைத்து, நடுவில் கடைக்காரர் யாரும் இல்லாமல் ஓட்டுபவர்களிடமே விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த பிரேமைக் கவிழ்த்துப் பார்த்ததும் எனக்கு மனசு பதறியது. உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழியே இல்லை. 8 வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. வெல்டிங் நேராக இருக்கவேண்டும், பிரேக்கைச் சோதிக்கவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் வெளியேற வழி இல்லாத பிரேம்

வெளியே பிடிக்கும் துரு கண்ணுக்குத் தெரியும், தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். குழாய்க்குள் பிடிப்பது ஓட்டை விழும்வரை தெரியாது. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகு துருப்பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அதில் குரோமியம் சுமார் 1 சதவீதம்தான். துருவேறா எஃகு என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் வேண்டும். நல்ல சைக்கிள் குழாயின் நடுப்பகுதித் தடிப்போ 1 மில்லிமீட்டருக்கும் குறைவு.

எங்கள் முதல் வரிசையில் ஒன்றை செம்பனைத் தோட்டத்து மண்டோர் ஒருவர் வாங்கினார். மழை, செம்மண், உரத்தூள் எல்லாவற்றிலும் ஓட்டினார். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாக அரிக்கும். ஒன்றரை வருடம் கழித்துப் போன் செய்தார். "தம்பி, சைக்கிளத் தூக்குனா உள்ள தண்ணி ஆடுற சத்தம் கேக்குது." போய்ப் பெடல் அச்சைக் கழற்றினேன். கோப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. பெடல் அச்சு உட்காரும் அச்சுக் கூட்டின் அடியில் வடிகால் துளை போட்டுத்தான் கொடுத்திருந்தேன். பெயிண்ட் அடிக்கக் கொடுத்த பட்டறையில் பவுடர் கோட்டிங், அதாவது தூளைத் தெளித்து அடுப்பில் சுடும் பெயிண்ட், அதை மூடிவிட்டது. ஒரு கம்பியை விட்டுப் பார்த்திருந்தால் போதும், பத்து விநாடி வேலை. நான் பார்க்கவில்லை. அந்த வரிசையில் விற்ற 9 பிரேமையும் திரும்ப வாங்கிப் புதிது கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அதனால் தம்பிகளிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பெயிண்ட் முடிந்து வரும் ஒவ்வொரு பிரேமிலும் துளையைக் குத்திப் பாருங்கள். அப்புறம் உள்ளே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் (boiled linseed oil) விடுங்கள். அது காற்றில் காய்ந்து படலமாகப் படியும். கோட்டிங் அடுப்பின் சூடு 200 டிகிரியை நெருங்கும், ஆகவே எண்ணெய் அதற்குப் பிறகுதான். பிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி, ஒரு ராத்திரி வடியவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

சீட் கம்பியை இறுக்கிப் பிடிக்க சீட் குழாயின் மேல்முனையில் விடும் பிளவும் கவனம். அது பின்பக்கம் இருந்தால் பின்சக்கரம் மழைத்தண்ணீரை நேரே அதற்குள் அடிக்கும். முன்பக்கம் வையுங்கள்.

அபூர்வ அளவுகள்

புதுமை என்று ஒரு விசித்திர அளவைப் பிடித்தால், பாகம் தேய்ந்ததும் வாங்கியவர் தவிப்பார். சீட் கம்பி 27.2 மில்லிமீட்டர் விட்டம், அச்சுக் கூடு 68 மில்லிமீட்டர் அகலம், அதற்குள் பழைய ஆங்கிலத் திருகு என்றே வையுங்கள். பசாரில் இருக்கும் சைக்கிள் கடைக்காரருக்கும் பழக்கமானவை இவைதான்.

உயரத்தை மட்டும் கேட்பது

பிரேம் அளவை முடிவுசெய்ய, வாங்குபவரின் உள்கால் நீளத்தையும் (கவட்டிலிருந்து தரை வரை) கேளுங்கள்.

இடது பெடல்

பெட்டியில் போகும் சைக்கிளுக்கு வாங்கியவரே பெடல் மாட்டுவார். இடது பெடலின் திருகு தலைகீழ், இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் அழுத்தித் திருகினால் பெடலைத் தாங்கும் கிராங்க் கை வீணாகும். பெடலிலேயே எழுதி ஒட்டுங்கள்.