இலையுதிர் காலத்தில் நடவு, கவாத்து, சருகு

குளிர்காலத்தில் தரை உறையும் நாடுகளில், இலையுதிர் காலத்தில் காற்று குளிர்ந்துவிட்டாலும் மண்ணின் சூடு சீக்கிரம் இறங்காது. செடியின் மேல்பகுதி ஓய்வுக்குப் போனபிறகும், மண்வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்வரை வேர் ஓடிக்கொண்டிருக்கும். மரக்கன்றும் புதர்ச்செடியும் நட இது அருமையான நேரம். தரை உறைவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பே நட்டு முடியுங்கள்.

குழியின் அகலம் வேர்மண்ணைப்போல் (வேரோடு ஒட்டியிருக்கும் மண்ணுருண்டை) 2, 3 மடங்கு இருக்கட்டும். ஆழம் மட்டும் வேர்மண்ணின் உயரத்தைத் தாண்டவே கூடாது. ஆழமாகத் தோண்டி மண்ணை நிரப்பி அதன்மேல் கன்றை வைத்தால், அந்த மண் அமர அமரக் கன்றும் கீழே இறங்கிவிடும். தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் புதைந்தால் அங்கே பட்டை அழுகும். நட்ட மரம் சில ஆண்டுகள் கழித்துக் காரணமே தெரியாமல் பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தொட்டியிலிருந்து எடுத்ததும் வேரைப் பாருங்கள். சுற்றிச் சுற்றி வளைந்திருந்தால், பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும். கீறாவிட்டால் அந்த வளையமே பின்னாளில் தண்டை நெரிக்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் உரத்தைக் கொட்டினால் வேர் அந்தக் குழியைத் தாண்டிப் போகச் சோம்பல்படும். நட்டதும் 10 முதல் 15 லிட்டர் தண்ணீரை நிதானமாக விடுங்கள். அதன்மேல் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு (சருகு, மரச்சீவல் போன்ற மண்போர்வை) போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் காலியாக இருக்கட்டும்.

வசந்தத்தில் பூக்கும் டூலிப், டாஃபடில் கிழங்குகளை 15 சென்டிமீட்டர் ஆழத்திலும், குரோக்கஸை 8 சென்டிமீட்டரிலும் கூர்முனை மேலே இருக்கும்படி ஊன்றுங்கள். டூலிப் பூக்க ஏறக்குறைய 12 வாரமாவது குளிர் தேவை. அதனால் இந்த வேலையை வசந்தத்துக்குத் தள்ளிப்போட முடியாது. தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்தக் கிழங்கும் அழுகும்.

கவாத்து, அதாவது கிளைவெட்டு, இப்போது வேண்டாம். வெட்டினால் தூங்கப்போன செடியும் துளிர்விடும். அந்த இளந்துளிர் முதல் உறைபனியிலேயே கருகும். லைலாக், அசேலியா, ஃபோர்சித்தியா போன்ற பூப்புதர்கள் அடுத்த வசந்தத்துக்கான மொட்டை ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும். இப்போது வெட்டினால் பூவையே வெட்டுகிறீர்கள். காய்ந்த, ஒடிந்த, நோய்பட்ட கிளைகளை மட்டும் எடுக்கலாம். மரம், புதர்களுக்குத் தழைச்சத்து உரம் போடாமல் இருப்பதும் இளந்துளிர் வந்து கருகக்கூடாது என்பதற்காகத்தான்.

இனி சருகு. புல்தரையில் கெட்டியாகப் படிந்தால் வெளிச்சம் மறைந்து புல் அழுகும்; அதனால் அப்படியே விடக்கூடாது. அதை எரிப்பதும் குப்பையில் போடுவதும் வீண். மெல்லிய படலமாக இருந்தால் அதன்மேலேயே புல்வெட்டியை ஓட்டுங்கள். தூளாகி மண்ணுக்குள் போய்விடும். மிஞ்சியதை மட்காக்கலாம். கம்பிவலையை 1 மீட்டர் விட்டத்தில் வட்டமாகக் கட்டி, நொறுக்கிய சருகை மிதித்து நிரப்பி, நன்றாக நனையுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக்கூடாது. சருகைச் சிதைப்பது பெரும்பாலும் பூஞ்சைதான். அதற்கு அவசரம் தெரியாது. நொறுக்கிய சருகு ஓராண்டில் மட்கும், முழு இலைக்கு இரண்டாண்டுகூட ஆகலாம். ஓக் இலையும் ஊசியிலையும் இன்னும் மெதுவாகவே மட்கும். குவியல் ஆண்டு கடந்தும் அப்படியே கிடந்தால் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், அநேகமாகக் காய்ந்திருக்கும். கரும்புள்ளி கண்ட ரோஜா இலையையும் நோய்பட்ட ஆப்பிள் இலையையும் இதில் சேர்க்காதீர்கள். அந்த நோய்ப்பூஞ்சைகள் உதிர்ந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் திரும்பப் பரவும்.

தரை உறையும் முன், பசுமைமாறாச் செடிகளுக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். அவற்றின் இலைகள் குளிர்காலத்திலும் நீரை இழந்துகொண்டிருக்கும். உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுத்துத் தர முடியாது. வசந்தத்தில் இலைநுனி பழுப்பாகி நின்றால் குளிரின்மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் செடி தாகத்தில்தான் காய்ந்திருக்கும்.