ப்ளாட்லேண்ட் நாவலை நாலு பேரா சேர்ந்து படிச்சு பேசறது எப்படி

கணக்குன்னாலே தள்ளி உக்காருற ஆளும் கணக்குலயே ஊறின ஆளும் ஒரே டேபிள்ல உக்காந்து சண்டை போட்டு பேசற மாதிரி ஒரு நாவல் சொல்லுங்கன்னு கேட்டா நான் உடனே சொல்றது ப்ளாட்லேண்ட் தான். 1884ல லண்டன்ல வந்த புக். எழுதினவர் எட்வின் அபட், அப்போ சிட்டி ஆஃப் லண்டன் ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரா இருந்தவர், ஆனா தன் பேர போடாம 'ஒரு சதுரம்' எழுதினதா வெளியிட்டார். உயரம்னு ஒண்ணே கிடையாத, தாள் மாதிரி தட்டையான ஒரு உலகம், அதுல வாழற ஒரு சதுரம், தொழில்ல வக்கீல், தன் கதைய தானே சொல்றார், அவ்ளோதான். மொத்தம் 22 சின்ன சின்ன அத்தியாயம். காப்பிரைட் எப்பவோ முடிஞ்சாச்சு, பழைய புக்கெல்லாம் இலவசமா குடுக்கற ப்ராஜெக்ட் கூட்டன்பர்க் சைட்ல ஃப்ரீயா எடுத்துக்கலாம்.

மூணு தடவை உக்காருங்க. முதல் நாள் 1லருந்து 7 வரைக்கும், அடுத்தது 8லருந்து 12, கடைசி நாள் மிச்சம் எல்லாம். ஒரே நாள்ல முடிக்கலாம்னு நாங்க முதல்ல ட்ரை பண்ணோம், குழுல கணக்கு நல்லா தெரிஞ்ச ஒருத்தர் நாலாவது பரிமாணம் பத்தி ஒரு மணி நேரம் க்ளாஸ் எடுத்தார், மத்தவங்க எல்லாம் அமைதியாயிட்டாங்க, பாதி பேர் அடுத்த வாரம் வரல. அதனால கணக்கு தெரிஞ்சவங்கள கடைசியா பேச சொல்லுங்க, முதல் வாய்ப்பு புரியலன்னு சொல்றவங்களுக்கு குடுங்க.

முதல் நாள் புக்க தொறக்கறதுக்கு முன்னாடி டேபிள் மேல ஒரு காயின் வைங்க. மேலருந்து பாத்தா வட்டம். அப்படியே மெதுவா குனிஞ்சு கண்ண டேபிள் விளிம்பு வரைக்கும் இறக்குங்க, வட்டம் முட்டை மாதிரி ஆகி கடைசில வெறும் கோடா நிக்கும். இது அபட்டே முதல் அத்தியாயத்துல செய்ய சொல்றது தான். அப்புறம் அட்டையில ஒரு முக்கோணம், ஒரு சதுரம், ஒரு அறுகோணம் வெட்டி வச்சு எல்லாரும் அதே மாதிரி குனிஞ்சு எது எதுன்னு சொல்ல பாருங்க. முடியாது, எல்லாமே கோடு தான். இத செஞ்சவங்களுக்கு 5வது, 6வது அத்தியாயம் சட்டுனு புரிஞ்சிடும், செய்யாதவங்க பத்து தடவை படிச்சாலும் மண்டையில ஏறாது.

அந்த ரெண்டு அத்தியாயத்துல விஷயம் இருக்கு. அந்த ஊர்ல பக்கம் எத்தனைங்கறது தான் அந்தஸ்து. கூர் முக்கோணம்னா கூலியாளும் சிப்பாயும், மூணு பக்கமும் சமமா இருந்தா நடுத்தர வர்க்கம், சதுரமும் ஐங்கோணமும் படிச்ச உத்யோகஸ்தர், அறுகோணத்துலருந்து பிரபுக்கள், வட்டம்னா குருமார். சதுரத்துக்கு பொறக்கற பையன் ஐங்கோணம், அவன் பையன் அறுகோணம், தலைமுறைக்கு ஒரு பக்கம் கூடும். எல்லாரும் கோடா தெரியற ஊர்ல எதிர்ல வர்றவர் யாருன்னு எப்படி கண்டுபிடிக்கறது? சாதாரண ஜனங்க தொட்டு பாத்து தெரிஞ்சுக்குவாங்க. மேல்தட்டு ஆளுங்க அங்க வருஷத்துல முக்கால்வாசி நாள் இருக்கற மூடுபனிய வச்சு, கூரான கோணத்தோட பக்கம் சீக்கிரம் மங்கும், விரிஞ்ச கோணம் மெதுவா மங்கும், அந்த வித்தியாசத்த பாத்தே சொல்லிடுவாங்க, ஆனா அதுக்கு யுனிவர்சிட்டி வரைக்கும் போய் படிக்கணும். இங்க கேக்க வேண்டிய கேள்வி: ஒருத்தர பாத்து தெரிஞ்சுக்கறதுக்கே படிப்பு வேணும்னா, தொட்டு பாக்கறது கேவலம்னு சொல்றது யாருக்கு லாபம்? இதுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்க, போதாது கூட.

பொண்ணுங்க பத்தின 4வது அத்தியாயத்துல கட்டாயம் கோவம் வரும், வரணும். அங்க பொண்ணுங்க எல்லாம் நேர்கோடு, நேரா வந்தா புள்ளியா தான் தெரிவாங்க, குத்தினா உயிர் போயிடும், அதனால வெளிய நடக்கறப்போ விடாம குரல் குடுத்துட்டே போகணும், இல்லன்னா மரண தண்டனை, வீட்டுக்குள்ள வர கிழக்கு பக்கம் தனி வாசல். 12வதுல பொண்ணுங்களுக்கு படிப்பே வேண்டாம்னு முன்னூறு வருஷம் முன்னாடி நிறுத்தினது வருது. எழுதினவர் இதத்தான் நம்பினாரான்னு யாராவது கேப்பாங்க. அப்போ ரெண்டு விஷயம் கையில வச்சிருங்க. அபட் நிஜத்துல பொண்ணுங்க படிப்புக்காக வேலை செஞ்சவர். இன்னொண்ணு, ரெண்டாவது பதிப்போட முன்னுரை, அதுல பெண்களையும் சாமான்ய ஜனங்களயும் வரலாறு எழுதறவங்க கணக்குலயே எடுத்ததில்ல, சதுரமும் அவங்கள மாதிரியே எழுதிட்டார், இப்போ மனசு மாறிட்டார்னு வருது. முன்னுரைய முதல்லயே படிக்க விடாதீங்க, கோவப்பட்டு பேசின அப்புறம் எடுங்க. என்ன கேட்டா அந்த பதில் பாதி தான் போதும், ஏன்னா புக்குல பேர் சொல்லி பேசற அளவுக்கு ஒரு பொண்ணு கூட இல்ல, இதுல நீங்க என்னோட ஒத்துப்போகணும்னு இல்ல.

8லருந்து 10 வரைக்கும் வர்ற கலர் புரட்சிக்கு நிறைய நேரம் வேண்டாம், கதையாவே ஓடிடும்.

மூணாவது நாளுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பெரிய உருளைக்கிழங்கும் கத்தியும் கொண்டு வாங்க. சதுரத்தோட வீட்டுக்கு, உயரமும் இருக்கற நம்ம மாதிரி உலகத்துலருந்து ஒரு கோளம் வருது, ஆனா அவருக்கு தெரியறது ஒரு வட்டம் பெருசாகி சின்னதாகி மறையறது தான். எலுமிச்சைய வட்ட வட்டமா நறுக்கி வரிசையா அடுக்குங்க, அவர் பாத்தது அது தான். கோளம் தன்னோட பெரிய வட்டம் 13 இன்ச்னு சொல்லும், அந்த ஊர்ல யாருமே 12 இன்ச்ச தாண்டறதில்ல, அப்போ முழு அளவுல நிக்கறப்போ ஊர்ல இருக்கற எல்லார விடவும் பெருசா நின்னிருக்கும். சரியா நடுவுலருந்து இரண்டரை இன்ச் தள்ளி வெட்டினா 12 இன்ச் வட்டம் வரும், விருப்பம் இருக்கறவங்க பித்தகோரஸ் போட்டு பாத்துக்கட்டும்.

உருளைக்கிழங்கு தான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. இது புக்குல கிடையாது. கிழங்க கனசதுரமா வெட்டி, ஒரு மூலை கீழ, எதிர் மூலை நேரா மேல இருக்கற மாதிரி பிடிச்சு, குறுக்க படுக்கையா நறுக்கிட்டே வாங்க. முதல்ல சமபக்க முக்கோணம். மூணுல ஒரு பங்கு தாண்டினதும் மூணு பக்கம் நீளம், மூணு பக்கம் குட்டையா ஒரு கோணலான அறுகோணம். சரியா பாதில அழகான ஒழுங்கு அறுகோணம். அப்புறம் எல்லாம் திரும்பி வரும். இப்போ இத ப்ளாட்லேண்ட் கண்ணோட பாருங்க: முதல்ல நடுத்தர வர்க்கத்து ஆளா வந்தவன், பக்கம் சமமா இல்லாத கோணலனா ஆகி (7வது அத்தியாயத்த நினைச்சுக்கோங்க, கோணலா பொறந்து சரியாகலன்னா அங்க கொன்னுடுவாங்க), அடுத்த நிமிஷம் பிரபுவா நிக்கறான். ஆனா ஆள் ஒரே ஆள் தான், கொஞ்சம் கூட மாறல. எங்க குழுல இத நறுக்கி முடிச்சதும் அதுவரைக்கும் வாயே தொறக்காத அக்கா ஒருத்தங்க தான் அந்தஸ்து பத்தி விடாம பேசினாங்க.

அப்புறம் 14, 15, 19 மூணையும் அடுத்தடுத்து சத்தமா படிங்க. 14ல லைன்லேண்டுன்னு வெறும் ஒரே கோடா இருக்கற உலகத்தோட ராஜாவுக்கு ரெண்டாவது பரிமாணத்த புரியவைக்க முடியாம சதுரம் கத்துறார். 15ல அவரோட அறுகோண பேரன், மூணு ஸ்கொயர் 9க்கு வடிவம் இருக்குன்னா மூணு க்யூப் 27க்கும் ஒண்ணு இருக்கணுமேன்னு கேக்கறான், முட்டாள்தனம்னு அடக்கிடறார். 19 படிக்கறதுக்கு முன்னாடி நிறுத்தி எல்லாரையும் எண்ண சொல்லுங்க: புள்ளிக்கு ஒரு முனை, கோட்டுக்கு 2, சதுரத்துக்கு 4, கனசதுரத்துக்கு 8, அடுத்தது? சுத்தி இருக்கற எல்லை 0, 2, 4, 6, அடுத்தது? 16ன்னும் 8ன்னும் அவங்க வாயாலயே வரட்டும். அதே கணக்க சதுரம் கோளத்துக்கிட்ட கேக்கறப்போ, அவ்ளோ தெரிஞ்ச கோளம், நாலு பரிமாணம் இருக்கற உலகமே கிடையாதுன்னு கோவப்பட்டு அவர தட்டை உலகத்துக்கே திருப்பி தள்ளிடுது.

கடைசி அத்தியாயம் சின்னது தான். மூணாவது பரிமாணம் இருக்குன்னு பேசினதுக்காக சதுரம் ஏழு வருஷமா ஜெயில்ல இருக்கார், கோளம் சபையில வந்தத கண்ணால பாத்த அவரோட தம்பியும் அங்க தான், ஏழு வருஷம் விளக்கியும் தம்பிக்கு நம்பிக்கை வரல. இங்க ஒருத்தர தம்பியா உக்கார வைங்க, மத்தவங்க ஒவ்வொருத்தரா 'மேல'ங்கற வார்த்தைய சொல்லாம, கைய தூக்கி காட்டாம, அவருக்கு உயரம்னா என்னன்னு சொல்லணும். எங்க தம்பி நாப்பது நிமிஷம் எல்லார் சொன்னதையும் பொறுமையா கேட்டுட்டு, "சரி, அது வடக்கு தானே?"ன்னு கேட்டுட்டே இருந்தார்.