ரேம் டைமிங்கில் கை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரைக்குள் போய், ரேமின் சிஎல் எண்ணை 18இலிருந்து 14க்கு இறக்கியிருந்தார். கேட்ட தரவைத் தர ரேம் எத்தனை துடிப்புகள் எடுக்கும் என்பதுதான் சிஎல். இப்படிப்பட்ட காத்திருப்பு எண்களைத்தான் டைமிங் என்கிறோம். இரண்டு வாரமாகக் காரணமில்லாமல் பிரவுசர் மூடிக்கொள்கிறதாம். "விண்டோஸ் திறக்கிறதே அண்ணா, அப்படியென்றால் டைமிங் சரிதானே?" என்று கேட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் சொன்னதும் இதே வாக்கியம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ரேமைத் தவறான ஸ்லாட்டில் செருகுவது போன்றவற்றை மதர்போர்டு கையேடே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விண்டோஸ் திறந்துவிட்டால் போதும் என்று நம்புவது

இந்த ஒரு தவறை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்போது என்னிடம் இருந்தது ரைசன் 5 3600, கூடவே டிடிஆர்4 3200 ரேம் இரண்டு. 16-18-18-38 என்று இருந்த டைமிங்கைக் குறைத்தேன் (இந்த நான்கில் முதல் எண்தான் சிஎல்). அத்தோடு நிற்காமல், 560 என்றிருந்த டிஆர்எஃப்சி என்னும் இன்னொரு டைமிங்கையும் 480 ஆக்கினேன் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). யாரோ ஒருவருக்கு அது வேலை செய்ததைப் பார்த்துவிட்டு அப்படியே போட்டேன். அவருடைய ரேமில் இருந்த சில்லுகள் வேறு, என்னுடையவை வேறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கணினி திறந்தது, விளையாட்டுகள் ஓடின. அந்த மகிழ்ச்சியில் அக்காவின் திருமணப் படங்களைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகலெடுத்தேன், பழையதை அழித்தேன். சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது பல படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

நடந்தது இதுதான். நகலெடுக்கும் கோப்பு ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்ட பிட்டோடுதான் வட்டுக்கு எழுதப்படுகிறது. வட்டு தன் பிழைச் சரிபார்ப்பை அதற்குப் பிறகே தொடங்குவதால், அதன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். விண்டோஸும் வாய் திறக்காது. உரைக் கோப்பில் ஒரு பிட் புரண்டால் ஓர் எழுத்து மாறும். ஜேபெக் படம் சுருக்கப்பட்டது. ஒரு பிட் தவறினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குழம்பிவிடக்கூடும். ஜிப் கோப்பு விரிய மறுப்பதும், பிரவுசர் தானாக மூடிக்கொள்வதும் இதன் முன்னறிகுறிகளாக இருக்கலாம். எனக்கும் அவை வந்தன. மென்பொருள்மேல் பழியைப் போட்டேன்.

ஆகவே டைமிங்கைத் தொடும் முன் தரவு வட்டுகளின் கேபிளைக் கழற்றி வையுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி இரவு முழுக்க ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் ஓடும். அது தேறிய பிறகு விண்டோஸுக்குள் ஓடும் இன்னொரு ரேம் சோதனை, டெஸ்ட்மெம்5. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த டைமிங் தோற்றதுதான். "ஒன்றுதானே" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புக்கு ஒதுக்கும் நேரம்தான் டிஆர்எஃப்சி. சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். மார்கழி இரவில் தேறிய டைமிங் சித்திரை மதியத்தில் கவிழ்வது இதனால்தான். கிராபிக்ஸ் கார்டின் அனலும் ரேமைத்தான் தாக்குகிறது. சோதனைக்குப் பின் ஒரு கனமான விளையாட்டை இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, சூடு ஆறும் முன்னே மறுபடி சோதியுங்கள்.

சிஎல் எண்ணை மட்டும் பார்த்து ஏங்குவது

சிஎல் 30 என்றதும் முகம் சுளிக்கிறார்கள். அது கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை, நேரம் அல்ல. சிஎல்லை 2000ஆல் பெருக்கி ரேமின் வேகத்தால் வகுத்தால் நானோ வினாடி கிடைக்கும். டிடிஆர்4 3200 சிஎல் 16, டிடிஆர்4 3600 சிஎல் 18, டிடிஆர்5 6000 சிஎல் 30 ஆகிய மூன்றுக்கும் விடை 10 நானோ வினாடிதான்.

நான்கு எண்களையும் ஒரே மூச்சில் மாற்றுவது

எது கவிழ்த்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மின்னழுத்தத்தை ஆட்டோவில் விட்டுவிட்டு மறப்பது

2023இல் சில ரைசன் 7000 செயலிகள் கருகின. ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கியதும், சில மதர்போர்டுகள் எஸ்ஓசி மின்னழுத்தத்தை (செயலியில் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போவது) அளவுக்கு மீறி ஏற்றின. ஏஎம்டி பிறகு அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு வைத்தது. பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அந்த எண்ணை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

சிஎல் 15

பயாஸில் உள்ள கியர் டவுன் மோட் என்ற அமைப்பு இயங்கினால் ஒற்றைப்படை சிஎல் ஏறாது, அது 16 ஆகிவிடும்.

திரை கறுத்ததும் சுவிட்சை அணைப்பது

டிடிஆர்5 ரேமைப் பயிற்றுவிக்க, அதாவது கணினி தொடங்கும்போது ரேமோடு ஒத்துப்போகும் அமைப்பைத் தேடிக்கொள்ள, சில நிமிடங்கள் ஆகலாம். காத்திருங்கள்.

பழைய எண்களைக் குறித்துவைக்காமல் தொடங்குவது

கைப்பேசியில் ஒரு படம். அரை நிமிட வேலை.

அந்த மாணவரின் ரேமைச் சோதித்தேன். இரண்டாம் சுற்றிலேயே திரை சிவந்தது. டைமிங்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி ஓடவிட்டோம். நான்கு சுற்றும் சுத்தம். அதன் பிறகு ஒரு தாளையும் பேனாவையும் அவரிடம் கொடுத்து, இந்த இரண்டு வாரத்தில் எந்தெந்தக் கோப்புகளை நகலெடுத்தீர்கள், அவற்றில் எவற்றின் மூலத்தை அழித்தீர்கள் என்று எழுதச் சொன்னேன். முதல் வரியிலேயே இறுதியாண்டு ஆய்வறிக்கை இருந்தது. மூலம் பென்டிரைவில் இன்னும் அழியாமல் இருக்கிறதாம்.