மாரிக்கு முன்னால் விறகைக் கவனியுங்கள்

மாரி தொடங்கினால் இலங்கையின் வன்னிப் பகுதியில் ஈர விறகுதான் தொல்லை. பாலை மர விறகென்றாலும் நனைந்தால் எரியாது, புகையும். கண் எரிச்சலோடு அது நிற்பதில்லை. புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். இருமல், இழுப்பு, பிள்ளைகளுக்கு நியூமோனியா, பெரியவர்களுக்கு இதயநோய்கூட வரலாம். 2020இல் வீட்டுப் புகையால் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஐப்பசிக்கு முன்பே விறகைப் பிளந்து, தாழ்வாரத்தில் நிலத்தில் படாமல் அடுக்குங்கள். எரியும்போது மறுநுனியில் நுரை தள்ளினால் இன்னும் காயவில்லை. சாரலுக்குப் பயந்து குசினியைச் சுற்றிவரக் கிடுகால் அடைக்காதீர்கள். கூரையோரம் புகை போக வழி வேண்டும். அடுப்பு மூட்டச் பிளாஸ்டிக் சொப்பிங் பை போடுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், அது நச்சுப்புகை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பும் ஊதாதீர்கள்.