ஏஸ்-ஜாக்கை விடப் பழகினேன்
பனாஜியில், மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பல். போக்கர் போட்டியின் கடைசி மேசையில் 6 பேர் மிச்சம். என்னிடம் 18 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் கட்டாயம் வைக்கும் பந்தயம்) அளவுக்குச் சிப்; இருவரிடம் ஆளுக்கு 3கூட இல்லை. அதிகச் சிப் வைத்திருந்த சிப் லீடர் ஆல்-இன் போட்டார், அதாவது எல்லாச் சிப்பையும் பந்தயம் வைத்தார். என் கையில் ஏஸ்-ஜாக், விடுவேனா? என் சிப் முழுவதையும் வைத்துக் கால் செய்தேன். அவர் என்னுடையதைவிடப் பெரிய ஏஸ்-கிங்கைத் திருப்பினார், நான் தோற்றேன். எனக்கு 6ஆம் இடம். எனக்குப் பிறகு வெளியேறிய அந்த இருவரும் என்னைவிட அதிகப் பரிசோடு எழுந்தார்கள். வயிறு எரிந்தது.

அப்புறம்தான் ஐசிஎம் கணக்கை, அதாவது கையிலுள்ள சிப்பின் பரிசு மதிப்பைக் கணிக்கும் முறையைப் படித்தேன். சிப் இரட்டித்தால் அதன் பரிசு மதிப்பு இரட்டிக்காது. தோற்றாலோ ஆட்டமே முடிந்தது. இப்போது சீட்டைப் பார்க்கும் முன்பே மற்றவர்களின் சிப்பை எண்ணிவிடுகிறேன். மேசையில் அப்படிக் குட்டி ஸ்டாக், அதாவது சிப் தீரப்போகிறவர், இருந்தால், சிப் லீடரின் ஆல்-இன்னுக்கு ஏஸ்-ஜாக் ஃபோல்ட்தான், சீட்டைக் கீழே போட்டுவிடுவேன். எல்லாரும் ஃபோல்ட் செய்து என் முறை வந்தால், அதே சீட்டோடு நானே ஆல்-இன் தள்ளுவேன். கால் செய்ய வேண்டியவருக்கும் அதே பயம்தானே!