குறைந்த வோல்ட்டை அளக்க ஒரு முள் மீட்டர்

மதுரைத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய முள் மீட்டர் வாங்குபவர்கள், முகப்பில் எழுதியுள்ள வோல்ட்டைவிட, உள்ளிருக்கும் அசையும் சுருள் எத்தனை மைக்ரோஆம்பியரில் முழு வீச்சு (முள் அளவுகோலின் கடைசிக் கோட்டைத் தொடுவது) காட்டும் என்பதையே பார்க்க வேண்டும். 50 மைக்ரோஆம்பியர் மீட்டர் கிடைத்தால் விடாதீர்கள். மெல்லச் சாய்க்கும்போது முள் எங்கும் உரசாமல் அசைய வேண்டும்.

சுருளின் தடையை மல்டிமீட்டரால் நேரடியாக அளக்கக் கூடாது. அதன் சோதனை மின்னோட்டமே முள்ளை வளைத்துவிடக்கூடும். 1.5 வோல்ட் பேட்டரி, 22 கிலோஓம் ரெசிஸ்டர், 10 கிலோஓம் மாறுதடை ஆகியவற்றை மீட்டருடன் தொடராக இணைத்து, மாறுதடையை உச்சத்திலிருந்து மெதுவாகக் குறைத்து முழு வீச்சுக்குக் கொண்டுவந்தபின், மீட்டருக்குப் பக்க இணைப்பாக இன்னொரு மாறுதடையை வைத்து, முள் பாதிக்கு இறங்கும்வரை திருப்ப வேண்டும். அந்த இரண்டாவது மாறுதடையைக் கழற்றி அளந்தால், ஏறத்தாழச் சுருளின் தடை கிடைத்துவிடும்.

அது 2 கிலோஓம் என்றால், மீட்டர் தனியாகவே 100 மில்லிவோல்ட்டில் முழு வீச்சு காட்டும். 1 வோல்ட்டுக்கு மொத்தம் 20 கிலோஓம் வேண்டும் என்பதால், 1 சதவீதத் துல்லியமுள்ள 18 கிலோஓம் மெட்டல் பிலிம் ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்க்க வேண்டும். அதிகத் தடையுள்ள சுற்றுகளில் இந்த 20 கிலோஓமே சுமையாகி அளவைக் குறைத்துக் காட்டும்; அங்கே சுற்றிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டமே எடுக்கும் பெருக்கிச் சில்லான ஆப்-ஆம்ப் ஒன்றை மீட்டருக்கு முன்னால் வைப்பதே சரி.