சண்டித்தனம் செய்யும் பழைய பிக்கப்: காலையிலேயே பழுதைப் பிடிப்போம்

விடிகாலை நாலரை மணி. பூக்கூடைகளை ஏற்றியாயிற்று. மலேசியாவின் பினாங்கில், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா போய்ச் சேர வேண்டும். என் பழைய டீசல் பிக்கப்பின் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். நாலைந்து தடவை திருப்பிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பத்து மணிக்குப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனால், "வண்டி நல்லாத்தானே இருக்குண்ணே" என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த நேரத்தில் அது நல்லாத்தான் இருக்கிறது.

பேட்டரிதான் கோளாறு என்று நானே முடிவுகட்டி ஓராண்டில் இரண்டு பேட்டரி வாங்கினேன். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். 30 வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு மல்ட்டிமீட்டர், சாவியைத் திருப்ப இன்னொரு ஆள், ஒரு பழைய நோட்டு, இவ்வளவு போதும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்கட்டும். மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

முதலில் காது

வண்டி அடம்பிடிக்கும் நாளில் என்ன சத்தம் கேட்டது, எத்தனை தடவை திருப்பினீர்கள், முந்தின நாள் ஓடியதா, எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். சத்தத்தை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும்.

'டிக்டிக்டிக்' என்று விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகள் அழுக்கேறியோ தளர்ந்தோ இருக்கின்றன. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச், சாவி சுவிட்ச் பக்கம் போங்கள். ஆட்டோ கியர் வண்டியில் நியூட்ரல் சுவிட்ச். அழுத்தமாக ஒரே ஒரு 'டிக்' என்றால், இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டர் மேல் சந்தேகம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் சங்கதி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்து மீட்டர்

காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பே பேட்டரியை அளந்துவிடுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. பிறகு உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைக் கடையில் லோட் டெஸ்ட் செய்யக் கொடுக்கலாம்.

நான் ஏமாந்த இடம் இதுதான். 'டிக்' சத்தம் வந்தும் மீட்டர் 12-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் அதை வாங்கவில்லை. இந்த நிலையில் எத்தனை பேட்டரி மாற்றினாலும் தண்டம். அப்போது மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தண்டிலும், கறுப்பு முனையை ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த வயரின் போல்ட்டிலும் வையுங்கள். பேட்டரி கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் கோளாறு தெரியாமல் போகும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிலோ இணைப்பிலோ அடைப்பு. நெகட்டிவ் தண்டுக்கும் இன்ஜினுக்கும் இடையேயும் இப்படியே பாருங்கள். பழைய வண்டிகளில் எர்த் வயர் துருப்பிடிப்பது சகஜம்.

வயர் சரியாக இருந்தால், ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்சான சொலினாய்டில் இருக்கும் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 'டிக்' கேட்ட பிறகும், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கையில் அங்கே 12 வோல்ட் நின்றால், உள்ளே செம்புத் தகடுகள் தேய்ந்துவிட்டன. சொலினாய்டுக்குள் நகரும் உருளையோடு வந்து மோதும் வட்டத் தகடு தேயாத பகுதியில் பட்டால் ஸ்டார்ட் ஆகும், தேய்ந்த பகுதியில் பட்டால் ஆகாது. விட்டுவிட்டு வரும் பழுதின் ரகசியம் இதுதான். பல ஜப்பானிய ஸ்டார்ட்டர்களில் அந்தத் தகடுகளை மட்டும் மாற்றலாம், முழு ஸ்டார்ட்டர் வாங்கத் தேவையில்லை. கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள்.

நேற்று முழுக்க ஓடியும் காலையில் 12.2-க்குக் கீழே காட்டினால் கதை வேறு. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் அல்டர்னேட்டர் பக்கம் பழுது. வந்தால், இரவில் எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது. இன்ஜினை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் நெகட்டிவ் தண்டுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பின்னால் பொருத்திய ரேடியோ, டாஷ்கேம், கூடுதல் விளக்குகள்தான் பெரும்பாலும் மாட்டும். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

புகைக்குழாயைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டருக்கு மேலிருக்கும் கைப்பம்பு தொளதொளவென்று இருந்து, இறுகும்வரை அமுக்கியதும் வண்டி பிடித்தால், ராத்திரியில் காற்றுப் புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. குழாய் கிளிப்பு, ஃபில்டர் ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். அப்படியே ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடுங்கள். நம் எண்ணெய் நிலையங்களில் கிடைப்பது செம்பனை எண்ணெய் கலந்த டீசல், அது ஈரத்தை இழுக்கும்.

வெள்ளைப் புகை வந்தால், ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினுக்குள் சூடேற்றும் க்ளோ பிளக்கைச் சோதிக்கலாம். குளிர் நாட்டு வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்லும். பினாங்கில் காலையில்கூட 24 டிகிரி இருக்கிறது. டீசலை அதிக அழுத்தத்தில் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜினுக்கு இந்தச் சூட்டில் அது அவ்வளவு முக்கியமில்லை. டீசல் முதலில் ஒரு சின்ன முன்னறையில் எரியும் பழைய ப்ரீசேம்பர் இன்ஜினுக்குத்தான் அவசியம்.

என் வண்டியில் தேய்ந்தது செம்புத் தகடு. மாற்றிய மறுநாள் ஸ்டார்ட் ஆனது, ஆனால் முன்பும் பல நாள் ஆகத்தானே செய்தது? நோட்டைப் புரட்டினால், இரண்டு சண்டித்தனங்களுக்கு இடையே அதிகபட்சம் 9 நாள் நன்றாக ஓடியிருந்தது. அதனால் ஒரு மாதம் முடியும்வரை பழுது தீர்ந்தது என்று முடிவுகட்டவில்லை.